முப்பது டாலருக்குக் கார் முழுக்கப் பெயிண்ட்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். விஷயம் கார் பெயிண்ட். "வாத்தியாருக்கும் கார் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, நடுவில் சொல்கிறேன். முதலில் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். ஒரு காருக்குக் குறைந்த செலவில் எப்படிப் பெயிண்ட் அடிப்பது என்ற கேள்விக்கு அமெரிக்காக்காரர்கள் நூறு வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலுக்குள் ரசாயனம், வியாபாரம், ஊர்க் காற்று, தொழிலாளியின் நுரையீரல் எல்லாமே வந்துவிடுகின்றன.

கார் வந்த புதிதில் அதற்குப் பெயிண்ட் அடித்தவர்கள் குதிரை வண்டிக்கு அடித்தவர்களே. ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும் கலந்த நிறத்தைப் பிரஷ்ஷால் பூசுவார்கள். காயவிட்டுத் தேய்ப்பார்கள். மறுபடி பூசுவார்கள். எண்ணெய் பெயிண்ட் ஈரத்துணி போல உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. அதை அவசரப்படுத்த முடியாது. ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அது நிற்கக் கூரை வேண்டும், தூசி படாத இடம் வேண்டும், தேய்க்க ஆள் வேண்டும். ஆகவே பெயிண்ட் செலவில் பெரும்பகுதி நாள்கூலியும் இடவாடகையும்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதை முழுவதற்கும் இதுதான் சாவி.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908இல் வந்தது. ஆரம்பத்தில் சிவப்பு, பச்சை, சாம்பல் என்று நிறங்கள் இருந்தன. 1913இல் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசை வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து சுமார் பன்னிரண்டு வருடம் கருப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது. அந்தக் கருப்பு நிலக்கீல் கலந்த ஒரு வகை எனாமல். விலை குறைவு, நீடித்து உழைக்கும், சூளையில் சுட்டால் சீக்கிரம் இறுகும். மட்கார்டு போன்ற பாகங்களைப் பெயிண்ட் தொட்டியில் முக்கியெடுத்துச் சூளைக்கு அனுப்பினார்கள். நம் ஹார்டுவேர் கடைகளில் "பிளாக் ஜப்பான்" என்று ஒரு டின் இன்றும் விற்கிறார்களே, அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆக, முதல் மலிவுப் பெயிண்டுக்கு மக்கள் கொடுத்த விலை நிறம்.

அடுத்த திருப்பம் பஞ்சிலிருந்து வந்தது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். துப்பாக்கி மருந்துக்கும் அதுதான், பழைய சினிமா பிலிமுக்கும் அதுதான். முதல் உலகப்போரில் வெடிமருந்து செய்து பெருத்த டூபான்ட் நிறுவனத்துக்குப் போர் முடிந்ததும் இந்தச் சரக்குக்கு வேறு பயன் தேவைப்பட்டது. நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் கூழ் மாதிரி கெட்டியானது. தெளிக்கும் அளவுக்குத் தண்ணியாக்கினால் படலம் மெலிந்துபோகும். கெட்டித்தன்மையைக் குறைத்து, அதே சமயம் சரக்கை நிறையக் கரைக்கும் வழியை அந்த நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 1920இல் கண்டுபிடித்தார்கள். 1923இல் "டூகோ" என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் 1924 மாடலில் நீல நிறத்தில் அந்தப் பெயிண்டோடு வந்தது.

டூகோ இறுகுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தின்னர் ஆவியானால் முடிந்தது. பெண்கள் போடும் நகப்பாலிஷ் எப்படி உலர்கிறதோ அப்படி. சொல்லப்போனால் நகப்பாலிஷும் நைட்ரோசெல்லுலோஸ்தான். ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் கெட்டரிங்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். "காருக்குப் பெயிண்ட் காய இத்தனை வாரம் ஏன்?" என்று அவர் கேட்க, பெயிண்ட் நிபுணர்கள் சில நாட்களை வேண்டுமானால் குறைக்கலாம் என்றார்களாம். "எனக்கு ஒரு மணி நேரத்தில் வேண்டும்" என்றாராம் அவர். நடந்ததோ இல்லையோ, வாரங்கள் மணிகளாகச் சுருங்கியது நிஜம். நிறங்களும் திரும்பி வந்தன. 1927இல் மாடல் டி நின்றுபோனதற்குப் பல காரணங்கள் உண்டு. பக்கத்துக் கடையில் கலர் கலராகக் கார் நின்றதும் அதில் ஒன்று.

நம் ஊரில் தச்சரிடம் பீரோவுக்கு வழவழப்பான ஸ்ப்ரே வேலை கேட்டால் "டூகோ அடிச்சிரலாங்க" என்கிறாரே, அந்த டூகோ இதுதான். ஒரு அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர் நூறு வருடம் கழித்து நம் தச்சுப் பட்டறையில் பொதுச்சொல்லாக வாழ்கிறது!

பெயிண்டரின் கையில் இருக்கும் சாமான்களுக்கும் வரலாறு உண்டு. ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்று ஒரு மருத்துவர். தொண்டை நோயாளிகளுக்கு மருந்தைப் புகைபோலத் தெளிக்க 1880களில் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தைப் பெயிண்டுக்குத் திருப்பினார். அதுதான் ஸ்ப்ரே கன். மூச்சைச் சரிசெய்யப் பிறந்த கருவி என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரை த்ரீ எம் நிறுவனம் 1921இல் கொண்டுவந்தது. அதைப் பரிசோதிக்கப் பெயிண்ட் பட்டறைக்குப் போன ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், இரட்டை நிறம் அடிக்கும்போது ஒட்டிய காகிதத்தை உரித்தால் பெயிண்டும் சேர்ந்து உரிந்துவருவதையும், பெயிண்டர்கள் தலையில் அடித்துக்கொள்வதையும் பார்த்தார். 1925இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. படித்த வேதியியலாளரும் பட்டறைத் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் நின்றபோதுதான் இந்த மாதிரி விஷயங்கள் நடந்திருக்கின்றன.

இனி ஏர்ல் ஷைப் கதைக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் பெட்ரோல் பங்க் நடத்திய இளைஞர். வாடிக்கையாளர்களின் கார்களுக்கு இரவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்து, 1937இல் அதற்கென்றே கடை திறந்தார். பொருளாதார மந்தநிலை முழுதாகத் தீராத காலம். புதுக் கார் வாங்க முடியாதவன் பழைய காரையாவது பளபளப்பாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவான் அல்லவா? அந்த ஆசையைத்தான் அவர் பிடித்தார். பின்னாளில் அவரே தொலைக்காட்சியில் தோன்றி, எந்தக் காராக இருந்தாலும், எந்த நிறமாக இருந்தாலும் 29 டாலர் 95 சென்ட், அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது என்று சொல்வார். 1960 வாக்கில் அந்தத் தொகை இன்றைய மதிப்பில் சுமார் 300 டாலர். நல்ல பட்டறையில் கேட்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

எப்படி முடிந்தது? டூகோவை அடித்தபின் பளபளப்பு வரப் பாலிஷ் போட வேண்டும், அதற்கு ஆள்கூலி. 1930களில் பரவிய சிந்தடிக் எனாமலோ கன்னிலிருந்து வரும்போதே பளபளக்கும். ஷைப் கடை அந்த எனாமலைப் பிடித்துக்கொண்டது. காரின் மேல் லேசாக ஒரு தேய்ப்பு, அவசரமாக ஒரு மறைப்பு, ஒரே மூச்சில் ஸ்ப்ரே, பிறகு சூடு. காலையில் விட்டால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எடுத்துக்கொள்ளலாம். டிங்கரிங் வேலைக்குத் தனிக் காசு. கடைகள் இருநூறைத் தாண்டின. கண்ணாடி ரப்பரிலும் டயரிலும் பெயிண்ட் படிந்திருக்கும் என்று மக்கள் கேலி பேசினார்கள். கேலி பேசிக்கொண்டே வண்டியைக் கொண்டுபோய் விட்டார்கள். கல்லூரி மாணவன், ஆலைத் தொழிலாளி, விற்பதற்கு முன் வண்டியை ஒப்பேற்ற நினைத்தவன் என்று எல்லோருக்கும் அந்தக் கடை பயன்பட்டது.

1972இல் ஆன்டனி மார்ட்டினோ என்பவர் "மாக்கோ" நிறுவனத்தை ஆரம்பித்தார். முதல் கடை டெலவர் மாநிலத்தின் வில்மிங்டனில். அவர் ஏற்கெனவே கியர் பாக்ஸ் பழுதுபார்க்கும் கடைகளைச் சங்கிலித் தொடராக நடத்திப் பழகியவர். பெயரையும் முறையையும் கொடுத்து, முதலை இன்னொருவர் போட்டுக் கடை நடத்தும் ஏற்பாடு. அடிப்படைச் சூத்திரம் ஷைப் காட்டியதுதான். ஏர்ல் ஷைப் 1992இல் காலமானார். அவருடைய நிறுவனம் 2010இல் கடைகளை மூடியது. மாக்கோ இன்றும் இருக்கிறது.

இந்த மலிவுக் கடைகளிடம் அதிகம் அடிவாங்கியவை பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் என்று சொல்லலாம். புதிதில் ஆசையாக வாங்குவார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் விலை விழுந்து மாணவர்கள் கைக்கு வரும். கையில் இருக்கும் சொற்பக் காசில் நிறம் மாற்றுவார்கள். ஆனால் இந்த வண்டிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. செவ்ரோலே கார்வெட் 1953 முதலே ஃபைபர் கிளாஸ் உடம்பு. தகரத்துக்குப் போடும் பெயிண்ட் உரிக்கும் மருந்தை அதன்மேல் போட்டால் உடம்பே கெடும். கதவு இடுக்கில் ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்று நின்ற கார்களை அடுத்த தலைமுறை பெரும் செலவில் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தது.

இப்போது என் சம்பந்தத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவில் வேலை பார்க்கிறான். போன வருடம் ஒரு 1990 மாடல் மாஸ்டா மியாட்டா வாங்கினான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்து ஜப்பான்காரர்கள் செய்தது. 1989 சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். இன்றைக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவன் வாங்கியது சிவப்பு. முப்பத்தைந்து வருட வெயிலில் அந்தச் சிவப்பு ரோஸாகி, கை வைத்தால் சாக்பீஸ் தூள் மாதிரி ஒட்டியது. ஒரு பட்டறையில் முழுப் பெயிண்டுக்கு 6,500 டாலர் கேட்டார்கள். மலிவுக் கடையில் 900 டாலர். வண்டியின் விலையே 4,000 டாலர்.

"மாமா, நானே கேரேஜ்ல வெச்சு அடிச்சுக்கலாம்னு இருக்கறேனுங்க. சின்ன மாமாகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

சின்ன மாமா என்றது என் தம்பியை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் 28 வருடம் பெயிண்டராக இருந்தவன். பட்டி பார்ப்பதிலும் கோடு இழுப்பதிலும் அவன் கைக்குத் தனிப் பெயர். முகத்தில் ஈரக் கைக்குட்டை, அவ்வளவுதான் அவன் கண்ட பாதுகாப்பு. இப்போது இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாது. கோவையில் டாக்டர் அவனிடம் முதலில் கேட்ட கேள்வி, "என்ன வேலை பார்த்தீங்க?" என்பதுதான்.

தம்பி வீடியோ காலில் காரைப் பார்த்தான். முதலில் ஒரு சோதனை சொன்னான். "மாப்ளே, ஒரு வெள்ளைத் துணியில காம்பவுண்ட் தொட்டுத் தேய். துணியில சிவப்பு ஏறுதான்னு பாரு." ஏறியது. காரணம் எளிது. பழைய பெயிண்ட் ஒரே அடுக்கு. நிறமும் பளபளப்பும் ஒன்றாகவே இருக்கும். மேல்தோல் வெயிலில் செத்தாலும் அடியில் நல்ல நிறம் இருக்கும். செத்ததை மட்டும் தேய்த்து எடுத்தால் போதும். 1980களுக்குப் பிறகு பரவிய முறையில் நிறம் ஓர் அடுக்கு, அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஓர் அடுக்கு. அந்தக் கிளியர் உரிய ஆரம்பித்தால் தேய்த்துப் பயனில்லை. புதிதாக அடிக்க வேண்டியதுதான். துணியில் நிறம் ஏறினால் முதல் வகை, ஏறாவிட்டால் பெரும்பாலும் இரண்டாவது வகை. கிடைக்கும் மலிவுப் பெயிண்ட் வேலைகளிலேயே மலிவானது, ஏற்கெனவே இருக்கும் பெயிண்டைக் காப்பாற்றுவது. ஆனால் மொத்தப் பெயிண்டே தலைமுடியின் பருமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வருடா வருடம் தேய்த்தால் அடித்தகரம் தெரியும். அதையும் தம்பி சொன்னான்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தான் பையன். கதவு, பின்பக்கம், டிக்கி எல்லாம் சிவப்பாக மீண்டன. பானெட்டும் முன் பம்பரும் மட்டும் மீளவில்லை. முந்தைய சொந்தக்காரர் யாரோ அவற்றுக்கு மறுபடி பெயிண்ட் அடித்துக் கிளியர் போட்டிருக்கிறார், அது பாம்புச் சட்டை மாதிரி உரிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டுக்கும் தானே டூ-கே கிளியர் வாங்கி அடிப்பதாகச் சொன்னான். இங்கேதான் தம்பி குரலை உயர்த்தினான்.

"தேய்க்கறதெல்லாம் நீயே தேய் மாப்ளே. கன்னை மட்டும் கையில எடுக்காதே."

ஏன் என்று விளக்குகிறேன். டூ-கே என்பது இரண்டு சரக்கைக் கலந்தால் இறுகும் பெயிண்ட், அரால்டைட் பசை மாதிரி. வெயிலையும் பெட்ரோலையும் தாங்கும், நன்றாக மின்னும். இறுக வைக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலை உறுத்தி ஆஸ்துமாவை வரவழைக்கும். உடம்பு ஒரு தடவை அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அப்புறம் மிகச் சிறிய அளவே போதும், மூச்சு அடைத்துவிடும். வாசனையை வைத்து அபாயத்தைக் கண்டுகொள்ளவும் முடியாது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1996இலேயே, இதனால் ஆஸ்துமா மட்டுமல்ல உயிரிழப்பும் உண்டு என்று எச்சரித்தது. முறையான பட்டறையில் காற்றை உறிஞ்சி வடிகட்டும் ஸ்ப்ரே பூத் இருக்கும். பெயிண்டருக்கு வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும். வீட்டு கேரேஜில் இரண்டும் இல்லை. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது.

ஊர்க் காற்றின் கதையும் இதோடு சேர்ந்ததே. 1950களின் தொடக்கத்தில் கால்டெக் நிறுவனத்தின் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி, லாஸ் ஏஞ்சல்ஸின் கண்ணெரியும் புகைமூட்டம் எப்படி உருவாகிறது என்று விளக்கினார். கரிமச் சேர்மங்களின் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு, வெயில் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. வண்டிப் புகைதான் பெரிய குற்றவாளி. ஆனால் பெயிண்டிலிருந்து பறக்கும் தின்னரும் கூட்டாளி. அந்த மாவட்டம் 1966இல் கரைப்பான்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 1988இல் கார்களுக்கு மறுபெயிண்ட் அடிக்கும் பட்டறைகளுக்கென்றே தென் கடற்கரை வட்டாரத்தில் தனி விதி வந்தது. 1998இல் நாடு முழுவதற்கும் வந்தது. பழைய கன்னில் பாதிக்கு மேல் பெயிண்ட் காற்றில் போய்விடும். குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் புதிய கன்னில் மூன்றில் இரண்டு பங்காவது காரில் ஒட்ட வேண்டும் என்று ஆயிற்று. பூத், வடிகட்டி, பயிற்சி எல்லாவற்றுக்கும் காசு. முப்பது டாலர் பெயிண்ட் மறைந்ததற்கு விலைவாசி ஒரு காரணம், இது இன்னொரு காரணம். அந்த முப்பது டாலர் கணக்கில் எழுதப்படாத ஒரு செலவு அதுவரை யாரோ ஒருவரின் மூச்சிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் பையன் என்ன செய்தான்? பானெட்டையும் பம்பரையும் கழற்றினான். உரிந்த கிளியரை வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்தான். அந்தக் காரின் பானெட் அலுமினியம், ஆகவே வெறும் உலோகம் தெரிந்த இடத்துக்கு அதற்குரிய பிரைமர் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். இரண்டு பாகத்தையும் மலிவுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். மறைக்கும் வேலை இல்லை, தேய்க்கும் வேலையும் பெரிதாக இல்லை. பிரைமரும் பெயிண்டும் மட்டும் அடித்துத் தர 400 டாலர். காம்பவுண்ட், தாள் எல்லாம் சேர்த்து 500 டாலருக்குள் முடிந்தது. உச்சி வெயிலில் உற்றுப் பார்த்தால் பானெட் கொஞ்சம் புதுச் சிவப்பாகத் தெரிகிறதாம். அவனுக்கு அது போதும்.

என் மாணவர்கள் சிலர் பழைய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்காக இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

1. பெயிண்ட் வேலையில் பெரும்பகுதி தேய்ப்பும் பட்டியும் மறைப்பும். அங்கே நேரத்தைக் குறைத்தால் ஆறே மாதத்தில் தெரிந்துவிடும்.

2. காசைக் குறைக்க வேண்டுமானால் அந்த நேரத்தை நீங்கள் போடுங்கள். பம்பர், விளக்கு, எம்பளம் எல்லாம் கழற்றிக் கொடுங்கள். அவற்றைச் சுற்றி டேப் ஒட்டும் கூலியும் மிச்சம், ஓரத்தில் பெயிண்ட் உரிவதும் மிச்சம்.

3. பழைய நிறத்தையே வையுங்கள். நிறம் மாற்றினால் கதவு இடுக்கு, என்ஜின் அறை, டிக்கி உள்பக்கம் என்று வேலை இரண்டு மடங்கு.

4. அடிப்பதற்கு முன் வெள்ளைத் துணிச் சோதனை செய்யுங்கள். பெயிண்டே தேவைப்படாமல் போகலாம்.

5. பட்டறையில் பேரம் பேசும்போது பெயிண்டர் முகத்தில் என்ன கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். கைக்குட்டைதான் என்றால், பேரத்தில் குறைக்கும் ஐநூறு ரூபாயை எங்கிருந்து குறைக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நல்ல முகமூடி வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் வாடிக்கையாளர் கேட்டால் அதற்கு மதிப்பு உண்டு. பெயிண்டர் தானே கேட்டால் பல இடங்களில் வேலைதான் போகும்.

நாமக்கல், கரூர், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் பெயிண்ட் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் காலத்தில் என்ன பெயிண்ட், என்ன கூலி, முகத்துக்கு என்ன கட்டினீர்கள் என்று கீழே எழுதுங்கள். அமெரிக்காவின் பெயிண்ட் வரலாற்றை யார் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பட்டறைகளின் வரலாற்றை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்